முப்பது செக்கன்

நாட்காட்டிக்குப் படம் கேட்டிருந்தார்
இரும்புக்கடைச் சிவகடாட்சம்.
கோயில் வேண்டாம், போன வருடம் கோயில்.
கடல் வேண்டாம், அதற்கு முந்தினது கடல்.
"டவுனைக் காட்டு தம்பி.
ஆனா வடிவாக் காட்டு."

வடிவென்றால் இப்போது எல்லோருக்கும் ட்ரோன்.
மேலிருந்து பார்த்தால்
எந்த ஊரும் அடக்கமாய்த்தான் படுத்திருக்கும்.
சீனக்குடா மாவாலை தீப்பெட்டி அளவு.
யாருக்கும் முகமில்லை, வியர்வையில்லை,
யாரும் யாருக்கும் கடனில்லை.

கார்த்திகை மழை விட்டு அரை மணித்தியாலம்.
மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு எதிரே
பல் வைத்தியரின் மொட்டைமாடி.
முக்காலியின் ஆடுகாலை
தண்ணீர்த் தாங்கிக் குழாயில் முண்டுகொடுத்தேன்.
வானத்தின் அந்த நீலம்
ஏழு நிமிடம்தான் நிற்கும்.
கடைவிளக்கும் வானமும்
சரிக்குச் சரியாய் முகம் பார்க்கும் ஏழு நிமிடம்.
முந்தினால் ஊர் சாம்பல்.
பிந்தினால் வெறும் பல்புகள்.

முப்பது செக்கன் திறந்து வைத்தேன்.

மூதூர் பஸ் சிவப்புக் கோடானது.
ஓட்டோக்கள் கோடுகூட ஆகாமல் கரைந்தன.
ரியூசன் விட்டு வந்த நாற்பது பிள்ளைகள்
புகையாய்ப் போனார்கள்.
நடந்த எவரையும் படம் வைத்துக்கொள்ளவில்லை.

நின்ற இரண்டு பேர் மிஞ்சினார்கள்.
குப்பைத் தொட்டியில் வாழையிலை மென்ற மான்,
காது மட்டும் இரண்டிரண்டாய்.
பஸ் தரிப்பிடத்துக்கு வெளியே
குடையை மடக்காமல் ஒரு பெண்.
மழை விட்டதை
யாரும் அவவுக்குச் சொல்லவில்லை.

திரையில் விரித்ததும்
சிவகடாட்சம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"இதென்ன, வானம் முழுக்கக் கம்பி? எடு.
மான் குப்பை தின்னுது, எடு.
ரோட்டில தண்ணி நிக்குது,
நகரசபைக்காரன் என்னோட சண்டைக்கு வருவான்."

இரவு பதினொரு மணிவரை அழித்தேன்.
மின்சாரக் கம்பி,
தொலைபேசிக் கம்பி,
எங்கிருந்தும் வராமல் எங்கும் போகாமல்
அறுக்க மறந்துபோன ஒன்று.
ஒவ்வொன்றாய்ப் போகப் போக
கட்டடங்கள் ஒன்றையொன்று கைவிட்டன.
கோபுரம்
கேக்கில் குத்தின மெழுகுதிரி மாதிரி நின்றது.
மானை எடுத்தேன்;
எது எவ்வளவு பெரிதென்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.
தேங்கிய தண்ணீரை மூடினேன்;
ஊரின் பாதி வெளிச்சம் அதற்குள் இருந்திருக்கிறது.

அந்தப் பெண்ணை எடுக்கும்படி அவர் சொல்லவில்லை.
கண்ணில் படவேயில்லை போலும்.
என்றாலும், ஏனோ,
ஒரு முறை அழித்துப் பார்த்தேன்.
படம் மிகவும் சுத்தமாய் இருந்தது.
இந்த ஊரில் வளர்ந்தவன்,
அந்தச் சுத்தம் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன்,
அறுக்க மறந்த கம்பி உட்பட.

தண்ணீர் திரும்பி வந்தபோதுதான் கண்டேன்:
தரிப்பிடக் கூரை மறைத்த அவருடைய கடை
அடியில் கிடந்தது,
மஞ்சள் பெயர்ப்பலகை, ஷட்டருக்கு மேலே ஒற்றை விளக்கு.
மாடியில் நின்ற எனக்குத் தெரியாதது
ரோட்டில் கிடந்த தண்ணிக்குத் தெரிந்திருக்கிறது.

காலையில் காட்டினேன்.
"தலைகீழாக் கிடக்குது."
"ஓம்."
படத்தைத் திருப்பிப் பிடித்தார்.
எழுத்து இப்போது இடம்வலம் மாறிற்று.
"என்ர பேரை வாசிக்க எனக்கே கண்ணாடி வேணும் போல"
என்று சிரித்தவர்
ஐந்நூறு பிரதிக்கு முற்பணம் தந்தார்.
தேதி எழுத்து மட்டும் பெரிசாய் வரவேண்டுமாம்.

இப்போது பங்குனி.
மீன் சந்தைத் தேநீர்க் கடையில் ஒன்று தொங்குகிறது.
நீல வானத்தின் நடுவில் ஆணித் துளை.
கீழே நாட்கள் கிழிந்துகொண்டே போகின்றன.
மேலே
மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.
அவ இன்னும்
குடையை மடக்கவில்லை.