ஒன்றே கால் கிலோ

மின்ட் தெருப் பழைய சாமான் கடையில்
தராசின் மேல் கிடந்தது அந்தப் பெட்டி.
இரும்பு விலைக்குக் கேட்டேன்.
ஜக்கரியா மூடியைத் திறந்து
உள்ளே இருந்த ஒற்றை வால்வை நகத்தால் சுண்டி
பித்தளை விலை சொன்னான்.
ஒன்றே கால் கிலோ.
கல்மண்டபம் வரை பஸ்ஸில்
கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன்.
யாரும் எழுந்து இடம் தரவில்லை.

பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவன் நான்.
ஐந்துக்கொரு குறுக்குக் கோடு.
ராத்திரியில் மோர்ஸ்: அதிலும் கோடு, கூடவே புள்ளி.
மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி
ஐஸ் கம்பெனிக் கூரையில் முடிகிற
ஒரே ஒரு செம்புக் கம்பி.
அனுப்பவும் அதுதான், கேட்கவும் அதுதான்.

இதுவரை நடுவில் நின்றது ஒரு கத்தி ஸ்விட்ச்.
வலப்பக்கம் தள்ளினால் வாய்,
இடப்பக்கம் இழுத்தால் காது.
தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை மறந்து
என் ரிசீவரின் காதிலேயே கத்திவிட்டேன்.
காயில் கருகிய நாற்றம்
காசிமேட்டுக் கருவாட்டு வாடையையும் மீறி
இரண்டு நாள் இருந்தது.

பெட்டியில் நகரும் பாகம் எதுவுமில்லை.
கீயை அழுத்தினால்
வால்வு தானாகவே மூச்சை அடக்கிக்கொள்ளும்.
விட்டால் விடும்.
ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே
ஒரு கடுகு வைக்கிற இடம்தான்.
அதற்குள் வந்து போகிறது
எங்கோ வங்கக் கடலில் இடி,
யார் வீட்டு மிக்ஸியோ,
ஹொக்கைடோவின் ஓகவா.

நான் வானிலை சொல்லிக்கொண்டிருந்தேன்.
புழுக்கம், மேகம், காற்று தெற்கு,
பாதி வார்த்தையில் அவர் ஒரு புள்ளி வைத்தார்.
நிறுத்தினேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
ஒருவரால் என்னைக் குறுக்கிட முடிந்தது.
ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் போன் என்றார்.
பெண் குழந்தை.
பழைய ஸ்விட்ச்சாக இருந்தால்
காற்றை முடித்துக்கொண்டு
ஈரப்பதத்துக்குப் போயிருப்பேன்.

வாழ்த்தில் பாதி அனுப்புவதற்குள்
தரை அதிர்ந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.
பெட்டிக்கு ஒரு கெட்ட குணம், ஜக்கரியா சொல்லவில்லை:
அடைக்கும்போதெல்லாம் அலையைக் கிழித்துச்
சில்லுகளைத் தெருவெங்கும் வீசுகிறது.
கீழ்வீட்டு மரியபுஷ்பத்தின் டிவியில்
வெள்ளிக்கிழமைப் பாட்டின் நடுவே
கதாநாயகி முகம் ஈர்க்குச்சிக் கட்டாகியிருக்கிறது.
ஒட்டடைக் கம்பால் அவள் கூரையில்
ஒரு இழுப்பு, ஒரு தட்டு, ஒரு இழுப்பு.
எங்கள் பாஷையில் அதற்கு
'நான் முடித்தாயிற்று, நீ பேசு' என்று அர்த்தம்.

பேசவில்லை.

மறுநாள் மாடிக்கே வந்துவிட்டாள்,
முழங்கை வரை வஞ்சிரச் செதில்.
இது இன்னா பண்ணும் என்றாள்.
பேசும்போது காதை மூடும்,
நிறுத்தினால் திறக்கும் என்றேன்.
"மூடறது சரி, அது அல்லாருக்கும் வரும்.
நெசமாவே தொறக்குதா?"
குனிந்து ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்தாள்.
"எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணு பாரு.
வெல எம்மாம் இருந்தாலும் சரி."

வெள்ளிக்கிழமை எட்டிலிருந்து எட்டரை
நான் கீயைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தம்.
வால்வை அணைப்பதில்லை,
மறுபடி சூடேற அரை நிமிஷம் பிடிக்கும்.
கீழே பாட்டு சுத்தமாக ஓடுகிறது.
மேலே கம்பியில் அறுந்த காத்தாடி ஒன்று
வந்து மாட்டியிருக்கிறது போல.
மாஞ்சா செம்பில் உரசுவதை
கர்ர்ர், கர்ர் என்று
ஹெட்போன் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.