முப்பத்துநான்காவது மரபணு

ஜெலுத்தோங் பாசாருக்குப் பின்னால்
மீன் கழுவிய தண்ணீர் விழும் லோங்காங்கில்
அரை போத்தல் மொண்டு வந்தோம், மார்ச்சில்.
ஹூய் மின் மூக்கைப் பொத்தவில்லை.
நான் பொத்தினேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த கிருமிக்கு
எண் மட்டும் உண்டு: கே-இருநூற்று ஒன்பது.
பதினான்காம் கட்டில். பெண். வயது அறுபத்தொன்று.
குடலில் கிடந்தது, இரத்தத்துக்குத் தாண்டிவிட்டது.
மருந்துப் பட்டியலில் பதினெட்டு வரி.
பதினெட்டுக்கும் எதிரே
எதிர்க்கிறது என்ற ஒரே சொல்.

அதைத் தட்டில் பரப்பி
லோங்காங் தண்ணீர் ஒரு சொட்டு விட்டோம்.
மறுநாள் காலை
பாலேட்டில் தூறல் விழுந்தாற்போல்
வட்டம் வட்டமாய் ஓட்டை.
ஏதோ தின்றிருக்கிறது!
ரொஸ்லீனா கைபேசியில் படமெடுத்தாள்.
அன்று நாசி கண்டார் அவள் செலவு.
(வட்டங்களின் நடுவில் மெல்லிய பனிமூட்டம் இருந்தது.
படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்.
யாரும் பெரிதாக்கவில்லை.)

இப்போது இரவு ஒன்றேகால்.
குளுகோர் மேட்டில் குளிர்சாதனம் மட்டும் முனகுகிறது.
திரையில் அந்த வைரஸ் முழுக்க அவிழ்ந்து கிடக்கிறது:
நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு எழுத்து.
இருநூற்று நாற்பத்தேழை ஒப்பிக்கவைத்துத்தான்
தமிழ்ப்பள்ளியில் என்னை அடுத்த வகுப்புக்கு விட்டார்கள்.
இதற்கு நாலே எழுத்து போதுமாயிருக்கிறது.
புள்ளி இல்லை. இடைவெளி இல்லை.
ஏட்டுச்சுவடி மாதிரி,
எங்கே பிரிப்பது என்பது படிப்பவர் பாடு.

மூன்று மூன்றாய்ப் பிரிக்கிறேன்.
ஓரெழுத்துத் தள்ளித் தொடங்கினால்
அதே வரி வேறொன்று சொல்கிறது.
பலகை என்றாலும் சரி,
பல கை என்றாலும் சரி.
முடி என்னும் சொல்லுக்குள்ளேயே
அடுத்ததன் தொடங்கு ஒளிந்திருக்கிறது.
இவ்வளவு சிக்கனமான சிலேடையை
நான் ஏட்டிலும் கண்டதில்லை.

எழுபத்தொரு மரபணு.
தலை ஓட்டுக்கு ஒன்று, வால் நாருக்கு இரண்டு,
கிருமியின் சுவரைக் கரைத்து வெளியேற ஒன்று.
முப்பத்தொன்பதுக்கு மென்பொருள் கைவிரித்தது:
செயல் தெரியவில்லை, செயல் தெரியவில்லை,
செயல் தெரியவில்லை.
எனக்கு அந்த வரிகளைப் பிடித்திருந்தது.

முப்பத்துநான்காவதில் நின்றேன்.
வேறு தரவுத்தளத்தில் தேடினேன். மறுபடி இன்னொன்றில்.

இன்டெக்ரேஸ்.

அதாவது
கொன்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இதற்கில்லை.
கிருமியின் மரபிழையில் ஓரிடம் பார்த்து வெட்டி
தன்னை அங்கே தைத்துக்கொண்டு
அது இரண்டானால் தானும் இரண்டாகி
நாலானால் நாலாகி
பேசாமல் இருந்துவிடத் தெரியும்.
புறப்படும் நாளில், சில சமயம்,
வீட்டுக்காரர் சாமான் ஒன்றிரண்டைத் தூக்கிப்போய்
அடுத்த கிருமியிடம் கொடுத்தும் வைக்கும்.
நஞ்சாக இருக்கலாம்,
மருந்தை எதிர்க்கும் வித்தையாக இருக்கலாம்.
நோயாளிக்குள் இதைச் செலுத்த முடியாது.

பனிமூட்டம் அதுதான்.
வட்டத்தின் நடுவே சாகாமல் மிஞ்சியவை,
வயிற்றில் இதைச் சுமந்தபடி.

முப்பத்துநான்கைப் பார் என்று செய்தி அனுப்பினேன்.
இரண்டு மணிக்கு ஹூய் மின் பதில்:
ஹொக்கியனில் ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு, வெட்டி எடுத்துவிடலாமா?
எடுக்கலாம். எட்டு மாதம்,
மானியம் கிடைத்தால்.

காலையில் பதினான்காம் கட்டிலைப் பற்றிக் கேட்டேன்.
கோப்பு மூடியாயிற்று என்றார்கள்.
வீட்டுக்கா என்றேன்.
எங்கள் திரையில் அவ்வளவுதான் வரும் என்றார்கள்.
கே-இருநூற்று ஒன்பது மட்டும்
மைனஸ் எண்பது டிகிரியில், மூன்றாம் தட்டில், இருக்கிறது.
கொஞ்சம் சூடு காட்டினால்
விடிவதற்குள் பெருகிவிடும்.

திங்கட்கிழமை, நீர் வற்றும் நேரம்.
அதே லோங்காங், புதுப் போத்தல்.
மீன் வெட்டும் ஆ சூன் எட்டிப் பார்த்து
அங்கே என்ன மீன் கிடைக்கும் என்றார்.
சரியான மலாய் எனக்கு வாயில் வரவில்லை.
பசியுள்ளது, என்றேன்.
அவர் கவிழ்க்கக் கொண்டுவந்த செதில் வாளியை
நான் மூடி திருகும் வரை
இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.