சுண்டுவிரல்

பல் அச்சு வருகிற பெட்டியில்
அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரி வந்தாள்.
ஒரு சாண் உயரம்,
தேங்காய் நாருக்குள் படுத்தபடி.
இடுப்பில் பூக்கூடை, காலடியில் ஆட்டுக்குட்டி,
வலது கையில் சுண்டுவிரல் இல்லை.

"பல்லு செய்யறீங்க, வெரலு செய்ய மாட்டீங்களா?"
ஏலக்காரர் சென்னியப்பன் கேட்டார்.
அவல்பூந்துறையில் கொப்பரை ஏலம் விட்ட தொண்டை.
மரகதா மில் நொடித்து
ரேஸ்கோர்ஸ் பங்களாவை பேங்க் பூட்டியதில்
உள்ளே இருந்ததெல்லாம் இப்போது அவர் தலையில்.

செய்தேன்.
காந்திபுரத்து மாடி லேப்பில்
பொடியைக் குழைத்து, தூரிகை நுனியால் ஏற்றி,
தட்டித் தட்டி ஈரம் வாங்கி,
தொள்ளாயிரம் டிகிரியில்
யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில்
வேகவைத்தேன்.
நிறம்தான் இழுத்தடித்தது.
காப்பிக் கறை கலந்தே பழகிய கை,
இவளுக்கு வெறும் வெள்ளை.
மூன்று முறை சுட்டேன்.
நகம் மறந்துபோய் நாலாவது முறை.
பல் ஒட்டுகிற சிமெண்டிலேயே ஒட்டினேன்.

ஏலம் சூலூரில், ஒரு கல்யாண மண்டபம்.
முந்தின நாள் முகூர்த்தத்து வாழைமரம்
வாசலில் வாடி நிற்க,
மாப்பிள்ளை உட்கார்ந்த சோபாவில்
எண்ணெய்ச் சாயப் படங்கள்:
அருவி, மான், யாரென்று தெரியாத துரை,
நம் பக்கத்து மலை எதையும் போலில்லாத ஒரு மலை.
முன்வரிசையில் குன்னூர் வியாபாரி,
பாலக்காட்டு ஓட்டல்காரர்,
திருப்பூரில் புதுவீடு கட்டிய ஒரு ஜோடி.
"ஷோகேஸ் காலியாக் கெடக்குதுங்க."

பதினேழாம் நம்பர்.
"ஒடைசல் கெடையாதுங்க, கீறல் கெடையாதுங்க."
என்னைப் பார்க்காமல் சொன்னார்.
குன்னூர்க்காரர் மேடையேறி
பொம்மையைக் காதருகே பிடித்துச் சுண்டினார்.
தோளில் ணங்.
பூக்கூடையில் ணங். ஆட்டுக்குட்டியில் கூட.
சுண்டுவிரலில்
டொக்.

தேங்காயைத் தட்டியே ஆயுசு கழித்த
சென்னியப்பனுக்கு முகம் செத்தது.
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
நான் ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.
"அது பல்லுங்க" என்றேன்.

மண்டபமே சிரித்தது.
குன்னூர்க்காரர் சிரிக்கவில்லை.
கண்ணாடியை ஏற்றி விரலை மறுபடி பார்த்து,
"கண்ணுக்குச் சிக்கலையே" என்று மட்டும் சொல்லி,
நாற்பதாயிரத்தில் நின்றவர்
இருபத்திரண்டுக்கு இறங்கினார்.
ஒரு தரம். ரெண்டு தரம்.
மூணாவதை சென்னியப்பன் மென்று மென்று சொன்னார்.

போட்டோக்கள் சாப்பாட்டுக்கு அப்புறம்.
பாதி ஆள் போய்விட்டது.
நாற்பத்தொன்று: மரகதா மில், நூற்பு, ஐம்பத்துமூன்றாம் வருஷம்.
நூற்றுச் சொச்சம் பேர்,
நடுவில் நாற்காலி போட்டு மாலையோடு முதலாளி.
தேக்குச் சட்டத்துக்காக ஆயிரத்து எண்ணூறு கொடுத்தான்
பீளமேட்டு சலூன்காரப் பையன்,
கண்ணாடி மாட்ட.
பைக் நிறுத்திய இடத்திலேயே ஆணி பிடுங்கி
படத்தை உருவி என்னிடம் நீட்டினான்.
"அக்கா, இத எங்காச்சும் போட்டுருங்."

பஸ்ஸில் மடியில் விரித்தேன்.
தொழில் புத்தி, பல்லைத் தேடியது.
அத்தனை வாயும் மூடியிருந்தது.
அசையக் கூடாதென்று சொல்லியிருப்பார்கள்.
மூன்றாம் வரிசையில், தூணோரம்,
ஒருத்தி மட்டும் எதற்கோ சிரித்துவிட்டாள்.
மேல்வரிசையில் இடப்பக்கம் ஒன்று இல்லை.
பொத்தத் தூக்கிய கை
பாதி வழியில் பஞ்சாய்க் கலைந்திருக்கிறது,
ஒரு விரல் கூட இல்லாமல்.

கண்ணாலேயே அளந்துவிட்டேன்: ஏழு மில்லி.
நிறம் தெரியாது.
கறுப்பு வெள்ளையில் எல்லார் பல்லும் ஒரே பல்.
சிங்காநல்லூர் தாண்டியதே தெரியவில்லை.

படம் இப்போது லேப்பில், சூளைக்கு மேலே.
அச்சு கொண்டுவரும் பையன்கள்
யாருங்க இது என்கிறார்கள்.
தெரியாது என்கிறேன்.

நேற்று சென்னியப்பன் போன்.
ஒரு பீங்கான் நாய், வால் போச்சாம்.
"இந்தத் தடவ ணங்குன்னு கேக்கற மாதிரி முடியுமுங்களா?"

பார்க்கிறேன் என்றேன்.
போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால்,
கை இன்னும்
வாய்க்கு வந்து சேரவில்லை.