தொள்ளாயிரம் மில்லிநொடி

கையால் எழுதிய வழிக்குச் சந்தேகமே வராது.
ஃபாரோ கடலடியில் கேபிள் அறுந்த இரவிலும்
நடுப்பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரிந்தது;
மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்கள்
நாற்பது நிமிடம் மீனுக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்று மார்யுன் ஒரு வரி சேர்த்தாள்:
முந்நூறு மில்லிநொடிக்கொரு தரம்
‘இருக்கிறாயா?’
மூன்று தரம் பதிலில்லையேல்
வழியை எடுத்துவிடு, வானலைக்கு மாறு.

திரை அசையவில்லை.
இவள் மட்டும் கேட்டால் ஆகாது,
எதிர்முனையும் கேட்க வேண்டும்.

எதிர்முனையில் ஹொக்னி.
பிப்ரவரியிலிருந்து பேச்சில்லை.

போனை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.
“உன் ரவுட்டரிலும் அதைப் போடு.”
“எதை?”
சொன்னாள்.
தட்டச்சுச் சத்தம். பின்னால் காற்று.
“வந்துதா?”

வந்திருந்தது.
அவள் சொல்லவில்லை.
தொள்ளாயிரம் மில்லிநொடி கடந்தும்
அவன் லைனில் இருந்தான்.