பதினெட்டு நாற்று, ஆறு முட்டை

ரயில்வே கொடுத்த மூன்று சென்ட்.
வருஷக் குத்தகை, ரசீது உண்டு.
தண்டவாளத்தை விட்டுத் தள்ளித்தான் கொத்த வேண்டும்,
ஆள் உயரத்துக்கு எதுவும் வளரக்கூடாது.
முருங்கை முடியாது. அகத்தி முடியாது.
பந்தல் போட்டால் இன்ஸ்பெக்டர் வருவார்.
ஆகவே தரையோடு தரையாக
சீனியவரை, வெண்டை, மிளகாய்,
ஓரத்தில் கொஞ்சம் சிறுகீரை.
ஜல்லி பொறுக்கியே போயிற்று முதல் கார்.

அடுத்த துண்டு சொரிமுத்துவுடையது. கீமேன்.
விடியுமுன் சுத்தியலோடு
கல்லிடைக்குறிச்சி வரை நடந்து
திரும்பிவந்து கத்தரிக்கு நீர் ஊற்றுகிறவர்.
எனக்கு கேட். எட்டு மணி நேரம்.
குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்
பழைய சிலீப்பர் கட்டையில் அடித்த கூடு,
ஏழு கோழி, ஒரு சேவல்.

கோழிக்கு எல்லைக்கல் தெரியாது.
முதல் சண்டை பதினெட்டு கத்தரி நாற்றுக்கு.
எண்ணிவிட்டுத்தான் வந்தார் மனுஷர்.
மூன்று நாற்றுக்கு ஒரு முட்டை என்று பேசி
கேட் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
முன்பக்கங்களில் வண்டி நேரமும்
ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லும் பிரைவேட் நம்பரும்.
பின்பக்கம் சொரிமுத்து:
நாற்று 18, முட்டை 6.
தக்காளி 4, பழுத்தது, முட்டை 2.
கீரைப்பாத்தி கிளறியது,
கோழி எரு ஒரு கூடை, நேர்.

ஆவணியில் புள்ளிக்காரி காணாமல் போனாள்.
இறகில்லை, ரத்தமில்லை.
கீரி என்றால் ஏதாவது மிச்சம் வைக்கும்.
நாய் என்றால் மற்ற ஆறும் அலறியிருக்கும்.
அந்த ஞாயிற்றுக்கிழமை சொரிமுத்து வீட்டுப் பக்கமிருந்து
நல்லமிளகு வறுபடும் வாசம்.
எனக்கு அது போதும்.

மூன்று வாரம் பேசவில்லை.
அவர் வைத்துப்போன வெண்டைக்காய்
கேட் கல்லின் மேலேயே வாடியது.
அவர் தலை தெரிந்தால்
தேவையில்லாமல் பச்சைக்கொடியை
விரித்துச் சுருட்டினேன்.
கடைசிப் பக்கத்தில் கோழி 1 என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள்,
செங்கோட்டை வண்டி போய் கேட் திறந்தபின்
"இங்கன ஒரு நிமிஷம் வாங்க" என்றார்.
அவர் துண்டு முழுக்கத் தடியங்காய்க் கொடி.
ஓர் இலையை விரலால் தூக்கினார்.
அடியில் புள்ளிக்காரி,
உடம்பெல்லாம் சிலிர்த்து
என்னை யாரோ போலப் பார்த்தாள்.
இறக்கைக்குள்ளிருந்து ஒரு குட்டி அலகு
எட்டிப் பார்த்து உள்ளே போனது.

"நாலாம் நாளே பாத்துட்டேன்.
சொன்னா தூக்கிட்டுப் போயிருவிய.
அடையில கெடக்கத எடம் மாத்துனா
அம்புட்டும் கூமுட்டையாப் போயிரும்லா."

தகர டப்பாவில் நீர். சிரட்டையில் குருணை.
அவள் கிடந்த இடத்தைச் சுற்றி மட்டும்
மூன்று வாரமாகத் தண்ணீர் பாய்ச்சவில்லை.
அங்கே கொடி மஞ்சளாகி
இரண்டு பிஞ்சு வெம்பிக் கிடந்தது.

அந்த நல்லமிளகு? வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.
"வீட்டுல அவளுக்குச் சளி. ரசம் வச்சோம். ஏன்?"

ஏன் என்று சொல்லவில்லை.
சந்தேகத்துக்கு எத்தனை முட்டை
என்று அவரும் கேட்கவில்லை.
கோழி 1 என்பதை அடித்துவிட்டு
பிஞ்சு 2 என்று எழுதினேன்.
கை கொஞ்சம் கோணியது.

குஞ்சு ஒன்பது.
நிலம் அவருடையது, கோழி என்னுடையது.
வாரக் கணக்கு பேசி
ஐந்து எனக்கு, நாலு அவருக்கு.
தாய் ஒருத்திதான் என்பதால்
வளர்வது என் கூட்டில்.

ஐப்பசியில், பிசானத்துக்காகக்
கன்னடியன் காலில் தண்ணீர் வந்த வாரம்
மறுபடி கத்தரி நட்டார்.
மறுநாள் பாத்தி முழுக்கக் கிளறல்.
எண்ணினார். இருபத்திரண்டு.
"யார் பங்கு குஞ்சு கொத்துனது இது?"

ஒன்பதும் ஒவ்வொரு நிறம்.
ஆனால் பங்கு பிரித்தபோது
எண்ணிக்கைதான் பிரித்தோம், நிறம் பிரிக்கவில்லை.
இரண்டு பேரும் குனிந்து நின்று
நகத்தைப் பார்த்தோம், கால் தடத்தைப் பார்த்தோம்.

கேட் போன் அடித்தது.
ஓடிப்போய் நம்பர் வாங்கி
முன்பக்கத்தில் எழுதி கேட்டைச் சாத்தினேன்.
வண்டி கடந்து முடிகிற வரைக்கும்
சொரிமுத்து பாத்தியிலேயே இருந்தார்,
உள்ளங்கையில் ஒரு குஞ்சை வைத்து
அலகைப் பிரித்து
உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தபடி.