தொடை எழும்பு

மட்டக்குளி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம்,
நானும் தங்கையின் மகன் யதுசனும்.
ஏழு வயது. டைனோசர்களின் பெயர்களை
மருந்துக்கடைக்காரர் மாதிரி மடமடவென்று சொல்வான்.
எனக்குச் சனிக்கிழமை அரைநாள் லீவு,
விரல் நுனியில் இன்னும் அச்சகத்து மை.

அருங்காட்சியக மண்டபத்தில் ஃபோர்மலின் மணம்.
மேலே விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது.
குருநாகலோ எங்கிருந்தோ வந்த வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள்
சோற்றுப் பார்சல்களோடு வரிசையில்;
கண்ணாடியெல்லாம் மூக்கின் ஈரம்.

தூரதேசத்துத் தொடை ஒன்று தனியே நின்றது,
என்னைவிட உயரம். சாந்து வார்ப்பு.
"உண்மையானது இல்லையா பெரியம்மா?"
"உண்மையானது ஆர்ஜென்டினாவிலாம்."
முகம் விழுந்துவிட்டது அவனுக்கு. ஆனாலும்
தொடக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதிய
அதே இடத்தில் தொட்டான்.

பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தான்:
"தொ-டை எ-ழும்-பு."

குனிந்து பார்த்தேன்.
சிங்களம் சரி, எனக்குத் தெரிந்தவரை. ஆங்கிலம் சரி.
தமிழில் ல இருக்கவேண்டிய இடத்தில்
ழ சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தது.

இருபத்திரண்டு வருடமாகப் பிழை பார்க்கிறேன்
கொட்டாஞ்சேனையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே.
கல்யாண அட்டை, கோவில் நோட்டீஸ்,
முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு.
செத்தவர் பெயரில் ஒரு குற்று விடுபட்டால்
வீட்டார் இரண்டாம் தரம் அழுவார்கள்.

யதுசனுக்கு ஒரே சிரிப்பு.
தாய் காலையில் போர்வையை இழுத்துக் கத்துகிற சொல் அல்லவா.
இடுப்பில் கை வைத்து, அவள் குரலிலேயே
"எழும்பு! நேரம் போட்டுது, எழும்பு!" என்றான்
அந்தத் தொடையிடம்.

மூலைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்த காவலாளி
திடுக்கிட்டு நின்று தொப்பியைத் தேடினார்.
என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன்:
எலும்பு என்று இருக்கவேண்டியது
'நெகிட்டின்ன' என்று இருக்கிறது.
பலகையையும் தன் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.
"அப்போ இது எனக்குத்தான் எழுதினது மிஸ்.
லொக்கு மாத்தயாவிடம் சொல்லிவிடாதீங்க."

பக்கத்துப் பெட்டியில் ஒரு நீர்யானைப் பல்,
இரத்தினபுரி மாணிக்கக் குழியில் கிடைத்தது.
இந்தத் தீவிலும் நீர்யானை இருந்ததாம்.
கல் தேடித் தோண்டியவன் கையில் பல்.
சேற்றைக் கழுவிப் பார்த்து என்ன நினைத்திருப்பான்?
வீசியெறியாமல் வைத்திருந்தானே.

தோண்டினால் எதுவும் வரும்.
போன மாதம் வடக்கிலிருந்து
ஓர் அறிக்கை அச்சுக்கு வந்தது,
பக்கம் பக்கமாய் இலக்கமிட்டு.
எலும்பு என்ற சொல் நூற்றுப் பதினேழு இடத்தில்.
ஒன்றிலும் பிழை இல்லை.
ஓரிடத்திலாவது இருக்காதா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.

கைப்பையில் சிவப்புப் பேனை எப்போதும் இருக்கும்.
வாசலில் பார்வையாளர் புத்தகம் திறந்தபடி.
திகதி எழுதினேன். பெயர் எழுதினேன்.
'கருத்து' என்ற கட்டத்துக்கு மேலே
பேனை கொஞ்ச நேரம் நின்றது.
"நல்லது" என்று எழுதி மூடினேன்.

திரும்பும்போது இருக்கை கிடைத்தது.
ஆமர் வீதி நெரிசலில் என் தோளில் சாய்ந்து
தூங்கிப்போனான், வாய் திறந்தபடி,
விழுந்த முன்பல் இரண்டின் வெளி தெரிய.
கொட்டாஞ்சேனை வந்ததும்
வேறு சொல் ஏதும் கிடைக்குமா என்று தேடினேன்.
"இறங்கு." "வந்திட்டுது." "செல்லம்."
அசையவில்லை. நடத்துனர் தகரத்தில் தட்டினார்.
காதோரம் மெதுவாகச் சொன்னேன் அந்தச் சொல்லை,
ழ பிசகாமல்.

எழும்பினான்,
அத்தனை எலும்பும் ஒன்றாக.
தண்ணீர்ப் போத்தலை அந்தத் தொடையடியில்
விட்டுவந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது அவனுக்கு.