நான்காவது கோடு

கிருணாவில் திசைகாட்டியை யாரும் நம்புவதில்லை.
ஊருக்கு அடியில் இரும்பு.
முள் வடக்கென்று காட்டுவது
சில தெருக்களில் மதுக்கடைப் பக்கம்.

அந்த ஊரில்தான் எனக்குக் காந்தப்புலம் பார்க்கும் வேலை.
இங்குள்ளதை அல்ல. பூமியின் இரவுப் பக்கம்,
ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால்
நான்கு கலங்கள்
நான்முகக் கூடாய் விரிந்து பறக்கின்றன.
ஒவ்வொன்றும் ஒரு நீண்ட கழியின் நுனியில்
காந்தமானியை எட்டிப் பிடித்திருக்கிறது,
தன் வயிற்றுக்குள் ஓடும் மின்சாரத்தின் முணுமுணுப்பு
தன் காதிலேயே விழாதபடி.

பிப்ரவரி. செவ்வாய். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
திரையில் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்.

கறுப்பு முதலில் தெற்கே சரிந்தது,
பிறகு விருட்டென்று வடக்கே ஏறியது.
சரிவுக்கும் ஏற்றத்துக்கும் நடுவில்
புலத்தின் வலிமை இரண்டு மடங்கு.
எல்லாம் நான்கே விநாடி.
சிவப்பும் அப்படியே, சற்றுத் தாமதித்து.
பச்சையும்.

முறுக்கு!
புலக்கோடுகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு
பிளாஸ்மாவைச் சுமந்து
பூமியை நோக்கி விரைகிற கயிறு.
அதைக் கண்ணால் கண்டவர் இல்லை.
இருட்டறையில் ஒரு பூனை
காலை உரசிக்கொண்டு போன மாதிரி;
முதுகு எது, வால் எது என்று
கணுக்காலைத்தான் கேட்க வேண்டும்.

நீலம் மட்டும் சும்மா கிடந்தது.

"உணரி உறைந்துவிட்டது" என்றார் ஹெல்கி.
"மூன்றை வைத்து எழுது. அதைப் படத்திலிருந்து எடுத்துவிடு."
எடுத்தேன்.
படம் அழகாகத்தான் இருந்தது.

நள்ளிரவு தாண்டி மாரெத் வந்தாள்.
சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுகிறவள்; பூட்ஸில் கருந்தூள்.
எங்கள் கட்டடத்தை இடிக்கும் தேதி
முன்கதவில் ஒட்டப்பட்டிருந்ததாம், சொன்னாள்.
தேவாலயத்தையே சக்கரத்தில் ஏற்றி நகர்த்திய ஊர்;
எங்களுக்குச் சக்கரம் கிடையாது.

நின்றபடியே கலைமான் இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு
என் தோள்வழியே திரையைப் பார்த்தாள்.
"நாலாவது?"
"அது ஒன்றும் காணவில்லை. எடுத்துவிட்டேன்."
சிரித்தாள். விசைப்பலகைமேல் ரொட்டித் துகள்.
"இன்றைக்கு மூன்று துளையில் தாது. நாலாவதில் வெறுங்கல்.
அந்த வெறுங்கல்லைத்தான்
பொறியாளர் சிவப்பு மையால் வட்டமிட்டார்.
தாது முடிகிற இடம் தெரிய வேண்டாமா?"
சொன்னவள் குளிக்கக்கூட இல்லை,
தூங்கப் போய்விட்டாள்.

நீலத்தைத் திரும்ப வைத்தேன்.
செங்குத்து அளவை இருபது மடங்கு பெருக்கினேன்.
உறையவில்லை. கலம் சுழல்கிற மெல்லிய அலை இருந்தது.
அதற்கும் அடியில், மற்ற மூன்றும் துள்ளிய அதே நொடிகளில்,
ஒரு சின்ன வீக்கம்:
கால் நானோடெஸ்லா.
தூரத்தில் தாது ரயில் போவதைத்
தேநீர்க் கோப்பை அறிகிற அளவுக்கு.

கயிறு அதைத் தொடவில்லை.
பக்கத்தில் போயிருக்கிறது.

அயனிகளின் வேகம் விநாடிக்கு நானூறு கிலோமீட்டர்.
நான்கால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு,
அதுதான் குறுக்களவு என்று மாலையில் எழுதியிருந்தேன்.
அடித்தேன்.
கலங்கள் அதன் நடுவில் புகுந்தனவா, ஓரத்தையா கீறின,
அது யாருக்குத் தெரியும்?
பச்சைக்கும் நீலத்துக்கும் இடையே எங்கோ விளிம்பு;
அவ்வளவுதான் தெரியும்.
அந்த இடைவெளி முழுவதையும்
சாம்பல் நிறத்தில் நிழலடித்தேன்.
படம் அசிங்கமானது.

ஹெல்கிக்கு ஒரு வரி:
"நீலம் உயிரோடிருக்கிறது. இருக்கட்டும்."

ஒன்றரைக்குச் சுரங்கத்தில் வெடி.
சன்னல் ஒரு தரம் இருமியது,
கோப்பையில் தேநீர் வட்டமிட்டது,
மேசை விளக்கு கண்சிமிட்டியது.
பக்கத்து அறையில் மாரெத்
புரண்டுகூடப் படுக்கவில்லை.